‘என்றால் சரியல்ல!’ – கோர்ட் டைப்பிஸ்ட் பதில்கள்

(குழித்துறைக்காரர். குமரி மாவட்டத்துக் குற்றவியல் கோர்ட்டுகளில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட் காட்சிகள் நிறைந்த ஒரு கிரைம் தொடரைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

தொடரில் நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி ‘ஆர்டர் ஆர்டர்’ என்கிறார். நம்மூர் கோர்ட்டில் சுத்தியல் உண்டா அக்கா? – ஆர்.எஸ்., பாறசாலை

உண்டு. பெஞ்சு காலை ரிப்பேர் பார்க்க ஆசாரி வந்த அன்றைக்குப் பார்த்தேன்.

நம்ம நீதிபதிகள் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார்கள், அது போதும். அதற்கும் அடங்காவிட்டால் கோர்ட் சேவகரான டவாலி எழுந்து ‘சத்தம் போடாதீங்க’ என்பார். அன்றைக்கு அந்த ஹாலில் கேட்டதிலேயே பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

குறுக்கு விசாரணையில் வக்கீல் நாலு கேள்வி கேட்டதும் சாட்சி உடைந்து அழுது எல்லா உண்மையையும் கொட்டிவிடுகிறார். நிஜத்தில் அப்படி நடக்குமா? – கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

அழுவார்கள் மக்ளே. ஆனால் அது முதல் விசாரணையில், அதாவது சாட்சியைக் கூப்பிட்ட தரப்பே கேள்வி கேட்கும்போது. செத்துப்போனவரின் சட்டையைப் பொட்டலத்திலிருந்து எடுத்து விரித்து ‘இது யாருடையது’ என்று அரசு வக்கீலான பி.பி. கேட்பார், அப்போது. குறுக்கு விசாரணையில் அழுகை வராது, கோபம்தான் வரும்.

அந்தக் கோபம் தாளில் என்ன ஆகிறது என்பதை இதுவரை எந்தத் தொடரிலும் நான் பார்க்கவில்லை. வக்கீல் கேட்பார், சாட்சி பதில் சொல்வார். அந்தப் பதிலை நீதிபதி ஒரு வாக்கியமாக ஆக்கி எனக்குச் சொல்வார், நான் அடிப்பேன். பெரும்பாலும் கேள்வி தாளில் வராது. சாட்சி தானாகவே சொல்லிக்கொண்டு போனது மாதிரி பதில் மட்டும்தான் வரும். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ரொம்ப முக்கியம் என்று நீதிபதிக்குப் பட்டால் மட்டும் கேள்வி – பதில் என்று பிரித்து அடிக்கச் சொல்வார்.

கூண்டில் ஒரு அண்ணாச்சி நிற்கிறார் என்று வைத்துக்கொள். ரப்பர் வெட்டப் போகும்போது சம்பவத்தைப் பார்த்தவர். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் இப்படித்தான் சொல்வோம்) தரப்பு வக்கீல் கேட்கிறார்: ‘நீரு அங்க இல்லவே இல்ல. மச்சினனுக்காகப் பொய் சொல்லுதீரு. சரிதானா?’

அண்ணாச்சி: ‘சாரே, எனக்கு வேற சோலி இல்லியா? அன்னைக்கு மரம் வெட்டாமப் போட்டதுல எனக்குத்தான நட்டம்? நீங்க தருவியளா?’

ஹாலில் எல்லோரும் சிரிப்பார்கள். நீதிபதியும் கொஞ்சம் சிரிப்பார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொல்வார். நான் அடிப்பது இதுதான்:

‘சம்பவத்தின்போது நான் அந்த இடத்தில் இல்லை என்றும், என் மைத்துனருக்காகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.’

அவ்வளவுதான். ரப்பர் போச்சு, நட்டம் போச்சு, சிரிப்பும் போச்சு. ‘என்றால் சரியல்ல’ என்று நான் அடித்ததை வரிசையாக ஒட்டினால் குழித்துறையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் வரும். அங்கே மலையாளத்திலும் இதே கதைதான்.

அப்படியானால் வக்கீல் எதற்காக மெனக்கெட்டுக் கேட்கிறார் என்று நினைப்பாய். ‘நான்தான் செய்தேன்’ என்று யாராவது கத்துவார் என்று ஒரு வக்கீலும் எதிர்பார்ப்பதில்லை. அவருக்குத் தேவை ஒரு சின்ன முரண். ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியைப் பார்த்தேன்’ என்று மூன்றாம் சாட்சி கோர்ட்டில் சொல்கிறார். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் தெருவிளக்கே இல்லை. வக்கீல் குரலை உயர்த்த மாட்டார். ‘இதை நீங்க போலீஸ்ல சொல்லல’ என்பார். ‘சொன்னேன்’ என்பார் சாட்சி. அடித்தாயிற்று. வக்கீல் உட்கார்ந்துவிடுவார்.

மாதங்கள் போகும். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து அன்றைக்கு அந்த ஏரியாவில் கரண்ட் இருந்ததா இல்லையா என்று சாட்சி சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் விசாரணை அதிகாரி வருவார். அதற்குள் அவர் வேறு மாவட்டத்துக்கு மாறியிருப்பார், சில சமயம் ஓய்வே பெற்றிருப்பார். அதே வக்கீல் அதே மெதுவான குரலில் கேட்பார். நான் அடிப்பேன் (அ.சா.3 என்றால் அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி): ‘அ.சா.3 என் விசாரணையின்போது தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியைப் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றால் சரிதான்.’

இந்த இரண்டு வரியும் சேர்ந்தால்தான் வெடி. நடுவில் நூறு பக்கம் இருக்கும். தீர்ப்பில் ஒரு பத்தியில் நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார், வழக்கு அங்கே சாயும். சாயும் அந்த நேரத்தில் கோர்ட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் படமாக எடுப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடரில் கோர்ட் நிஜமாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டால், நான் பார்ப்பது கறுப்புக் கோட்டை அல்ல. யாராவது ஒருத்தர் பழைய பக்கத்தைப் புரட்டித் தேடுகிறாரா என்றுதான் பார்ப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் குற்றவாளி ஒத்துக்கொண்ட வீடியோவைக் கோர்ட்டில் போட்டுக் காட்டி தண்டனை வாங்கிவிடுகிறார்களே? – கே., நித்திரவிளை

வாங்க முடியாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 23. எண் மாறியது, விஷயம் மாறவில்லை. அதில் ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கும். ‘கத்தியைக் குளத்தில் போட்டேன், வந்தால் காட்டுகிறேன்’ என்று எதிரி சொல்லி, கத்தியும் கிடைத்தால், அந்தக் கத்தி கிடைக்கக் காரணமான அந்த வரி மட்டும் செல்லும். ‘ஒப்புதல் வாக்குமூலத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதி’ என்று அதற்குப் பெயர். முழு வாக்குமூலத்தில் ஒன்றரை வரிக்கு மட்டும் கோடு போட்டுக் குறியீடு கொடுப்பார்கள்.

சரி, கத்தி எடுத்தபோது கூட இருந்தது யார்? தமிழ்நாட்டில் அநேகமாக வி.ஏ.ஓ., அவருடைய உதவியாளர். எங்கள் பக்கத்துக் கொலை வழக்கில் வி.ஏ.ஓ. வராமல் கத்தி கிடைத்ததை நான் அடித்த ஞாபகமே இல்லை. தொடர்களில் இன்ஸ்பெக்டர் தனியாகக் குளத்தில் குதிக்கிறார். ஐயோ பாவம், கைப்பற்றியதை எழுதும் மகஜரில் யார் கையெழுத்துப் போடுவது?

மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் ஒப்புதல் வேறு. அதற்கு முதலில் போலீஸை வெளியே அனுப்புவார்கள். ‘நீ இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்’ என்று எச்சரிப்பார்கள். யோசிக்க நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் மனசு மாறித் திரும்பிப் போனவர்களும் உண்டு.

எங்கள் ஊர் வக்கீல்கள் யாரும் தொடரில் வருகிற மாதிரி அங்கி போட்டுப் பறந்து நான் பார்த்ததில்லை. ‘மை லார்ட்’ என்றும் சொல்லக் காணோம். – பி., கருங்கல்

கீழ்க் கோர்ட்டில் அங்கி கட்டாயம் இல்லை. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். பார் கவுன்சில் விதியே அப்படி. ‘மை லார்ட்’ வேண்டாம் என்று அகில இந்திய பார் கவுன்சில் 2006-லேயே சொல்லிவிட்டது. கீழ்க் கோர்ட்டில் ‘சார்’, இல்லாவிட்டால் அந்தந்த மொழியில் அதற்குச் சமமான சொல் போதும். எங்கள் பக்கம் ‘ஐயா’. ஏப்ரல் மாதம், கரண்ட் இல்லாத மத்தியானம், கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒருத்தரும் பறக்க மாட்டார்கள்.

கோர்ட்டில் இருந்த தடயத்தையே மாற்றிவிடுவதாகக் காட்டினார்கள். இதெல்லாம் ரொம்ப ஓவர் இல்லையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

சார், இது ஓவர் இல்லை. நம் பக்கத்திலேயே இருக்கிறது.

1990-ல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியரைப் பிடித்தார்கள். உள்ளாடையில் ஹஷீஷ் மறைத்துக் கொண்டுபோனார் என்று வழக்கு. செஷன்ஸ் கோர்ட் தண்டனை கொடுத்தது. அப்பீலில் கேரள உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? அந்த உள்ளாடை அவருக்குப் போடவே கொள்ளவில்லை, சின்னதாக இருந்தது! கோர்ட் காவலில் இருந்த துணியை யாரோ வெட்டித் தைத்துச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று பிற்பாடு தனி வழக்கு வந்தது. அது எங்கெங்கோ இழுத்து, 2024 நவம்பரில்தான் அந்த விசாரணையைத் தொடர்ந்து நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஜட்டியைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேச வேண்டி வந்தது. இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார்.

எங்கள் அறையில் சான்றுப் பொருள் வந்தால் பதிவேட்டில் எண், துணிப்பொட்டலம், நூல், அரக்கு முத்திரை. வெளியே எடுத்தால் யார் எடுத்தார், எதற்கு, எப்போது திரும்பி வந்தது என்று கையெழுத்து. மழைக்காலத்தில் அந்த அறைக்கதவைத் திறந்தால் ஒரு வாடை வரும் பாருங்கள். வெட்டுக்கத்தித் துரு, பழைய ரத்தத்துணி, சாராயக் கேன், எல்லாம் கலந்தது. தொடரில் அது கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறையாக இருந்தது. என் வீட்டுக்காரர் ‘உங்க ஆபீஸ் இவ்வளவு நல்லாவா இருந்துச்சு’ என்று கேட்டார்.

கீதை மேல் கை வைத்துச் சத்தியம் செய்வது? – வி., ஆரியங்காவு

சினிமா. 1969-ம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தில் எந்தப் புத்தகமும் கிடையாது. கடவுள் பேரால் சொல்லலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மனசாட்சிப்படி உறுதி சொல்லலாம். பன்னிரண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பிரமாணம் என்றால் என்னவென்று விளங்காவிட்டாலும், உண்மை சொல்ல வேண்டும் என்பது விளங்கினால் போதும், பிரமாணம் இல்லாமலே சாட்சி எடுப்பார்கள். அதற்கு முன்னால் நீதிபதி பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். ‘பொய் சொன்னா என்ன ஆகும்?’ என்று கேட்டதற்கு ஒரு பொடியன் ‘கண்டுபிடிக்கலன்னா ஒண்ணும் ஆகாது’ என்றான். நீதிபதி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

குற்றம் தமிழ்நாட்டில், சாவு கேரளாவில். எந்தக் கோர்ட்? தொடரில் இரண்டு போலீஸும் செக்போஸ்டில் நின்று சண்டை போடுகிறார்கள். – எஸ்., களியக்காவிளை

உங்களுக்கே பதில் தெரியும், என் வாயைக் கிளறுகிறீர்கள். 2022-ல் நடந்த அந்தக் கஷாயக் கேஸைத்தானே நினைக்கிறீர்கள்? கஷாயத்தில் விஷம் கலந்து கொடுத்தது குமரி மாவட்டத்து வீட்டில் வைத்து. குடித்த பாறசாலைப் பையன் செத்தது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில். செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், அதன் விளைவு நேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அன்றைக்கு 179, இப்போது 199. கேரள போலீஸ்தான் வழக்கை நடத்தியது. தமிழ்நாட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. இரண்டேகால் வருஷத்துக்குள் கொலை வழக்கில் தீர்ப்பு, என் கணக்கில் அது படுவேகம்.

செக்போஸ்டில் சண்டையெல்லாம் நடக்காது. பிடிவாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய ஆளைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எந்த இடத்துக்கும் போலீஸ் போகலாம். பிடித்ததும் அந்த ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, கொண்டுபோக உத்தரவு வாங்குவார்கள். கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு மாநிலக் காவலர்களும் எதிர்ச் சாயாக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழம்பொரி தின்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கஷ்டம் எல்லைக்கோட்டில் இல்லை, மொழியில் இருக்கிறது. எங்கள் கோர்ட்டில் தமிழில் அடிப்போம். விளவங்கோட்டுப் பாட்டி ஒருத்தி பாதி மலையாளத்தில் சாட்சி சொல்வாள், நீதிபதி மதுரைக்காரராக இருப்பார். ‘வெளுப்பாங்காலம்’ என்றாள் ஒரு நாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். ‘விடியற்காலை’ என்றேன். ‘விடியற்காலையில்’ என்று அடிக்கச் சொன்னார். இரண்டு பக்க வக்கீலும் தலையாட்டினார்கள். அப்பக்கம் போனால் இதே கதை தலைகீழ். தமிழ் மட்டும் தெரிந்த எதிரிக்கு, நடக்கிற சாட்சியத்தை அவனுக்குப் புரிகிற மொழியில் சொல்லித்தான் ஆக வேண்டும், சட்டம் அது. தொடரில் எந்த ஊர் சாட்சியும் சென்னைத் தமிழில் பொளந்துகட்டுகிறார்.

வக்கீல்களைப் பொறுத்தவரை, 2011 ஜூன் 15 முதல் எந்த மாநில பார் கவுன்சிலில் பதிந்தவரும் நாடு முழுக்க வாதாடலாம். வக்காலத்தில் ஒட்டுகிற ஸ்டாம்பு மட்டும் அந்தந்த மாநிலத்தது. நம்ம ஸ்டாம்பை ஒட்டி அங்கே நீட்டினால் திரும்பி வரும்.

கடைசி நாளில் கதாநாயகி கதவைத் தள்ளிக்கொண்டு பென் டிரைவோடு ஓடி வருகிறாள். வழக்கே மாறிவிடுகிறது. – ஜெ., பனச்சமூடு

முதலில் வாசல் போலீஸ் நிறுத்துவார். போலீஸ் நம்பியிருக்கும் காகிதம் அத்தனைக்கும் நகல், விசாரணை தொடங்கும் முன்னாலேயே எதிரிக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று வேண்டுமென்றால் மனு போட வேண்டும், எதிர்த்தரப்பு பதில் சொல்லும், உத்தரவு வரும். பென் டிரைவுக்கு அதன் ஹாஷ் எண்ணோடு (ஃபைலின் கைரேகை மாதிரி) ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு. ‘அப்ஜெக்‌ஷன்’ என்றதும் நீதிபதி பட்டென்று ‘ஓவர்ரூல்ட்’ சொல்வதும் குறைவுதான். ஆவணத்தை எடுக்கலாமா கூடாதா என்று ஆட்சேபணை வந்தால் அதைக் குறித்துக்கொண்டு ஆவணத்தை ஏற்றுவிட்டு, தீர்ப்பில் முடிவு செய்யலாம் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது; அது கட்டாயமில்லை என்று 2021-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பெல்லாம் ‘ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று அடிப்பேன், வழக்கு நகரும். கதாநாயகிக்கு மனு நம்பராகி வருவதற்குள் ஓடி வந்த மூச்சிரைப்பு அடங்கியிருக்கும்.

சாட்சிகள் பல்டி அடிப்பதற்குக் காரணம் ரவுடிகளின் மிரட்டல்தானா? – பெயர் வேண்டாம், புனலூர்

மிரட்டலும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அடித்த பிறழ் சாட்சிகளில் பாதிக்கு மேல் ஒரு ரவுடியும் இல்லை. நாள்தான் ஆகியிருந்தது. சம்பவம் நடந்தபோது இரண்டு வீட்டுக்கும் பகை. சாட்சிக்கு அழைப்பு வரும்போது ஒரு வீட்டுப் பெண் மறு வீட்டில் மருமகள். பள்ளியிலோ கோயிலிலோ உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். கூண்டில் ஏறி ‘எனக்கு ஒன்றும் தெரியாது, போலீஸ் என்னை விசாரிக்கவில்லை’ என்பார். பி.பி. உடனே ‘பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்’ என்பார். அனுமதி கிடைக்கும். பி.பி. போலீஸ் வாக்குமூலத்தை வரி வரியாகப் படிப்பார். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் இல்லை என்பார். எனக்கு அடிப்பதும் சுலபம், எல்லாம் ஒரே வரி.

அடித்து முடித்ததும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு ஆள், நல்ல வாட்டசாட்டமான மீன்காரர், பேனாவைப் பிடித்தபடியே என்னிடம் மெதுவாக ‘இதுல தெரியாதுன்னுதான எழுதியிருக்கு அக்கா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சிக்குக் கொடுக்கும் படிக்காசை வாங்காமலே போய்விட்டார். பஸ் செலவுக்காவது வாங்கியிருக்கலாம்.

கோர்ட்டைத் தாமதப்படுத்துவது வாய்தா மட்டும் என்று தொடர்களில் திட்டுகிறார்கள். சாட்சி விசாரணை தொடங்கினால் நாள்தோறும் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புதிய சட்டத்தில் ஒரு கட்சிக்காரருக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது என்றும் இருக்கிறது. ஆனால் டாக்டர் மாறுதலாகிப் போயிருப்பார், லேப் ரிப்போர்ட் வந்திருக்காது, நீதிபதி நாற்காலியே சில மாதம் காலியாக இருக்கும். அதைக் காட்டிய தொடர் ஒன்றாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிறேன்.

நான் குறும்படம் எடுக்கிறேன் அக்கா. கோர்ட் சீன் எழுத வேண்டும். யாரிடம் அனுமதி வாங்கி உள்ளே போவது? – தம்பி ஒருவர், கொல்லங்கோடு

படம் எடுக்கத்தான் அனுமதி வேண்டும் தம்பி, பார்க்க வேண்டாம். குற்றவியல் கோர்ட் திறந்த கோர்ட், இடம் இருக்கிற வரைக்கும் யாரும் உட்காரலாம். பாலியல் வன்கொடுமை, போக்சோ போன்ற வழக்குகள் மூடிய அறையில் நடக்கும், அங்கே போகாதே. போனை அணைத்துவிட்டுப் போ. காலையில் பேர் கூப்பிட்டு வாய்தா போடுவதோடு எழுந்து வந்துவிடாதே, அதற்குப் பிறகுதான் சாட்சி ஏறும். கடைசி பெஞ்சில் உட்காராதே, ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. டைப்பிஸ்ட் மேசைப் பக்கமாக உட்கார். சாட்சி சொல்வதையும் கேட்கலாம், நீதிபதி அதை எப்படி மாற்றிச் சொல்கிறார் என்பதையும் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் டைப்பிஸ்டிடம் இடைவேளையில் கேள், நடுவில் கேட்காதே, அடிக்கிற வரி தப்பும்.